கொசுறுக்கு ஒரு பூதம்

ஒரு மணி நேர மூச்சுக்கு டிராகன் சொன்ன விலை ஏழு பொற்காசு. தலைக்கு ஏழு.

“ஏழா? அநியாயமா இருக்கே,” என்றேன்.

“நீங்க கேட்டதால ஏழு, அண்ணாச்சி. மத்தவங்களுக்கு எட்டு. பிடிக்கலைன்னா வேற கடை பாத்துக்குங்க.”

வேறு கடை பதினோரு கோடி கிலோமீட்டர் தள்ளி, செவ்வாயைச் சுற்றும் சந்தையில் இருந்தது. அங்கிருந்து மீட்புக் கப்பல் புறப்பட்டுவிட்டது. எங்களை வந்தடையப் பத்தொன்பது நாள் ஆகும். டிராகனுக்கு இந்தக் கணக்கெல்லாம் தெரியாது. ஆனால் எதிரே நிற்கிறவனுக்குப் போக்கிடம் இல்லை என்பது மட்டும் எப்படியோ தெரிந்திருந்தது.

எனக்கு எரிச்சல் வந்தது விலையைக் கேட்டு அல்ல, அந்தப் பேச்சைக் கேட்டு. இல்லாத எட்டைப் பக்கத்தில் நிறுத்தி ஏழைச் சலுகையாக்குவது விருதுநகர் பருப்புக் கடையில் என் அப்பாவிடம் நான் படித்த பாடம். டிராகன் அதை என்னிடம் படித்திருந்தது.

அன்று காலை வரை அது டிராகன் இல்லை. ‘வைப்பாறு’ என்ற நிக்கல் ஏற்றும் கப்பலின் மூளை. அந்தக் கப்பலில் நாங்கள் நான்கு பேர். தலைவி மெர்சி, தூத்துக்குடிக்காரி. எந்திரம் பார்க்கும் இர்ஃபான், மேலப்பாளையம். சரக்கை வாங்கி விற்கும் நான் தங்கமாரியப்பன்; யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் அண்ணாச்சி. நான்காவது ஆள் கோதண்டம் சார். ஒன்றரை வருடத்துக்கு முன் தலைமை அலுவலகம் அனுப்பிவைத்த தணிக்கையாளர்.

ஒரு சுரங்கத்திலிருந்து அடுத்த சந்தைக்குப் போக ஏழு மாதம் ஆகும். அத்தனை நாள் சுவரைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது என்று நாங்கள் மூவரும் ஆறு வருடமாக ஒரு விளையாட்டு ஆடினோம். வாள், மந்திரம், காடு, மலை என்று ஓர் உலகம். கதை சொல்வது, பகடை உருட்டுவது, சத்திரக்காரனாகவும் பூதமாகவும் டிராகனாகவும் பேசுவது எல்லாம் கப்பலின் மூளை. மெர்சி வாள்வீராங்கனை. இர்ஃபான் மந்திரவாதி. நான் அங்கேயும் வியாபாரி.

“கற்பனையிலயாவது ராஜாவா இருக்கக் கூடாதா அண்ணாச்சி?” என்று மெர்சி கேட்டிருக்கிறாள். ராஜாவுக்குச் செலவு அதிகம். வேண்டாம் என்றுவிட்டேன்.

அன்று காலை சூரியப் புயல் அடித்தது. கப்பலின் கேமராக்கள் அவிந்தன. காற்று தயாரிக்கும் எந்திரம் நின்றது. கப்பலை ஓட்டும் நினைவகம் கருகிப்போனது. இர்ஃபான் மூன்று மணி நேரம் கம்பிகளுக்குள் படுத்துக் கிடந்து எதையோ எதனோடோ கோத்துவிட்டு எழுந்து வந்தான்.

“மிச்சமிருந்தது விளையாட்டு இருந்த பெட்டி மட்டும்தான் அக்கா,” என்றான் மெர்சியிடம். “வைப்பாறு ஆறு வருஷமா அதுக்குள்ள யோசிச்சிருக்கு. அதனால அதுக்கு யோசிக்கத் தெரியும். வால்வு, கதவு, மோட்டார் எல்லாத்தையும் அதோட சேத்துட்டேன்.”

“அப்போ கப்பல் ஓடும்லா?”

“ஓடும். ஆனா கப்பல்னு ஒண்ணு இருக்கிறதே அதுக்குத் தெரியாது. இஞ்சின்னா எரிமலை. கதவுன்னா கோட்டை வாசல். காத்துத் தொட்டி…” தலையைச் சொறிந்தான். “அது டிராகன் குகையில இருக்கு. புதையல் கணக்குல.”

“நாம?”

“நாம நம்ம வேஷத்துல இருக்கோம். நம்மகிட்ட ரெண்டாயிரத்து நூத்தி நாப்பது பொற்காசு இருக்கு. அதை வச்சு வாங்குனாதான் காத்து. திருடுனா, டிராகன் எல்லாக் குழாயையும் மூடிரும்.”

அப்படித்தான் முகமூடியும் குழாயும் மாட்டிக்கொண்டு, கட்டுப்பாட்டு அறையில் மேசைக்கு முன் உட்கார்ந்து, ஒலிபெருக்கியோடு பேரம் பேச ஆரம்பித்தேன். ஏழு என்று அது சொன்ன அந்த நிமிடம்தான் சுவரில் தட்டும் சத்தம் கேட்டது. மூன்று தட்டு. இடைவெளி. மறுபடி மூன்று.

சுவருக்கு அந்தப் பக்கம் கோதண்டம் சாரின் அறை.

இர்ஃபான் தன் சின்னத் திரையில் கப்பலின் ஆள்பதிவைத் தேடினான். அவன் முகம் வெளுத்தது. வாய் திறக்கப் போன மெர்சியின் கையைப் பிடித்துத் தடுத்தான். டிராகனுக்குக் கண் போய்விட்டது, காது இருக்கிறது. எங்கள் மணிக்கட்டுப் பட்டைகள் வழியாக நாடித் துடிப்பும் தெரியும். பட்டையைக் கழற்றினால் ஆளே செத்தவர் கணக்கு. இர்ஃபான் மார்க்கரை எடுத்து இரும்பு மேசையில் எழுதினான்.

“சார் நம்ம ஆட்டத்துல இல்ல. அதுக்குத் தெரிஞ்சது பூதம் மட்டும்தான்.”

அந்தப் பூதத்தைச் செய்தவன் நான்.

ஒரு வருடத்துக்கு முன் பதினான்கு கிலோ முந்திரிக்கு ரசீது எங்கே என்று கோதண்டம் சார் எட்டு நாள் என் பின்னாலேயே திரிந்தார். வஞ்சம் தீர்க்க, விளையாட்டில் ஒரு வரிப் பூதத்தைச் சேர்க்கச் சொன்னேன். தத்ரூபமாக இருக்கட்டும் என்று அவர் குரல், நடை, அறை எண் எல்லாவற்றையும் கப்பலுக்குக் கொடுத்தேன். டிராகன் மலையில் வைத்து மெர்சி அதை வெட்டினாள். சன்மானம் நாற்பது காசு. மூன்று நாள் சிரித்தோம். சாப்பாட்டு மேசையில் அவர் “ரசீது இருக்கா?” என்று கேட்டபோதெல்லாம் இர்ஃபானுக்குப் புரை ஏறியது.

இப்போது கப்பலின் கணக்கில் நான்காம் அறையில் ஒரு செத்த பூதம் கிடந்தது. செத்த பூதத்துக்குக் காற்று எதற்கு? டிராகன் கதவைப் பூட்டி, உள்ளே இருந்த காற்றையும் உறிஞ்சித் தொட்டியில் சேர்த்துக்கொண்டிருந்தது.

“எவ்வளவு நேரம்?” என்று மெர்சி எழுதினாள்.

“எழுபது நிமிசம். கம்மியாவும் இருக்கலாம்.”

“உடைப்போம்.”

“உடைச்சா திருட்டு. நாலு பேரும் போயிருவோம்.” இர்ஃபான் வேகமாக எழுதினான். “ஒரு விதி இருக்கு. வெட்டினவங்களே தங்கள் உயிர்ப்புள்ளியைக் கொடுத்துச் செத்ததை எழுப்பலாம். ஆனா உடம்பு நம்ம கையில இருக்கணும். இப்ப அது மலையோட சொத்து.”

மெர்சி என்னைப் பார்த்தாள். வாங்கு என்றது அந்தப் பார்வை.

கேட்டால் போதும், விலை வானத்துக்கு ஏறிவிடும். வாங்குகிறவன் கண் எந்தப் பொருளின் மேல் நிற்கிறதோ அதன் மேல் விலையை ஏற்று என்பதையும் அது என்னிடம்தான் படித்திருந்தது. பூதம் வேண்டும் என்று தெரிந்தால் இருக்கிற காசு முழுவதையும் பூதத்துக்கே கேட்கும். பிறகு மூச்சு வாங்கக் காசு இருக்காது. ஆகவே, வேண்டாததைப் பற்றியே நிறையப் பேச வேண்டியிருந்தது. மெதுவாக.

கொட்டாவி விட்டேன்.

“சரக்கு எப்படி? காட்டு பாப்போம்,” என்றேன். முகமூடியில் ஒரு மூச்சு வந்தது. “ரப்பர் வாடை அடிக்குதே. எத்தனை வருஷத்துப் பழசு?”

“சுத்தமான மலைக்காத்து அண்ணாச்சி.”

“மலைக்காத்தா இது? எங்க ஊர் பஸ் ஸ்டாண்டுல இதைவிட நல்லாருக்கும்.”

சுவரில் மூன்று தட்டு.

“நாடி வேகமாத் துடிக்குதே அண்ணாச்சி. அவசரமோ?” என்றது டிராகன். “விலை ஒன்பது ஆயிருச்சு.”

“மலை ஏறி வந்திருக்கேன். ஐம்பத்தாறு வயசுல துடிக்காம என்ன செய்யும்? கொஞ்சம் உக்காந்துக்கிறேன்.”

கண்ணை மூடினேன். எங்கள் கிட்டங்கியில் அடுக்கியிருந்த உளுந்து மூட்டைகளை மனதுக்குள் ஒவ்வொன்றாக எண்ணினேன். மூட்டை எண்ணும்போது எனக்கு வேறு எந்த நினைப்பும் வராது. இருநூற்றுப் பத்து எண்ணியபோது நாடி இறங்கியிருந்தது. கண்ணைத் திறந்தால் மேசையில் மெர்சி எழுதியிருந்தாள்: “மனுசனா நீங்க?” அழித்துவிட்டு மறுபடி கொட்டாவி விட்டேன்.

“காலையிலருந்து எத்தனை பேரு வந்தாங்க?” என்று டிராகனைக் கேட்டேன்.

“யாரும் வரலை.”

“நேத்து?”

“நேத்துன்னு ஒண்ணு எனக்கு இல்லை அண்ணாச்சி. இன்னிக்குத்தான் கடை திறந்திருக்கேன்.”

“அப்ப நாந்தான் போணி.”

ஆறு வருடத்தில் நான் போன சத்திரம், சந்தை, ஆயுதக் கடை எல்லாவற்றிலும் போணி என்று சொல்லி விலை குறைத்திருக்கிறேன். முதல் வாடிக்கையை வெறுங்கையோடு அனுப்புகிற கடைக்காரன் அந்த உலகத்தில் ஒருவனும் கிடையாது. நான் இருக்க விட்டதில்லை.

“போணிங்கிறதால நாலு,” என்றது.

“சில்லறைக்கு நாலு. நான் மொத்தமா எடுக்கிறேன். மூணு பேரு, பத்தொன்பது நாள். ரொக்கம்.”

“மூணு.”

“மூணுக்கு வாங்கினா ஊர்ல என்னைக் கடைக்குள்ள சேக்க மாட்டாங்க. ஒண்ணு.”

“ஒண்ணுக்குக் கொடுத்தா என்னைக் குகைக்குள்ள சேக்க மாட்டாங்க.”

மற்ற நேரமாக இருந்தால் ரசித்திருப்பேன். சுவரில் இப்போது இரண்டு தட்டுத்தான் கேட்டது. இரண்டுக்கும் நடுவே நீண்ட இடைவெளி.

ஒன்றேகாலுக்கும் இரண்டுக்கும் நடுவே இழுத்துப் பிடித்ததில் இருபது நிமிடம் போனது. ஒன்றரைக்கு முடிந்தது. மொத்தம் இரண்டாயிரத்து ஐம்பத்திரண்டு காசு. காசு கைமாறும் கிலுங் சத்தத்தை ஒலிபெருக்கி சிரத்தையாக எழுப்பியது. குழாய்களில் காற்று சீராக வந்தது.

சுவரில் தட்டு நின்றிருந்தது.

மெர்சி எழுந்துவிட்டாள். இர்ஃபான் அவள் தோளை அழுத்தி உட்கார வைத்தான். நான் எழுந்து, நாற்காலியைச் சத்தம் வரும்படி தள்ளி, கிளம்புகிறவனைப் போல இரண்டு எட்டு வைத்து நின்றேன்.

“ஏம்ப்பா, ரெண்டாயிரத்துக்கு எடுத்திருக்கேன். கொசுறு ஒண்ணும் கிடையாதா?”

“ரெண்டு தீப்பந்தம் எடுத்துக்குங்க அண்ணாச்சி.”

“அதை வச்சு என்ன செய்ய? வீட்டுல கிடக்கு.”

“கயிறு?”

“வேணாம், வேணாம். உனக்கும் நட்டம் வரக்கூடாது. ஏதாவது மூலையில இடத்தை அடைச்சுக்கிட்டு இருக்கிறதைக் குடு. போன வருசம் நாங்க வெட்டிப்போட்ட பூதம் கிடக்குமே, அது இருக்கா, எறிஞ்சுட்டியா?”

“பிணமா? எதுக்கு?”

“கொம்பை அறுத்து வித்தா பத்து காசு வராது?”

“எட்டு வரும்.”

“எட்டு காசுக் கொசுறு. ரெண்டாயிரத்து ஐம்பத்திரண்டுக்கு. மனசு வந்தா குடு, இல்லாட்டி விடு.”

மூட்டைகளை எண்ணினேன். நாலு. ஐந்து. ஆறு.

“எடுத்துட்டுப் போங்க,” என்றது டிராகன். “நாத்தம் தாங்கலை.”

நான்காம் அறையின் பூட்டு விலகியது. மெர்சி ஓடினாள்.

கோதண்டம் சார் சுவரோரம் சரிந்து கிடந்தார். உதடு நீலம். விரல் முட்டிகளில் தோல் உரிந்திருந்தது. மெர்சி தன் முகமூடியைக் கழற்றி அவர் முகத்தில் வைத்தாள். அவளுடைய குழாயிலிருந்து இரண்டு பேர் மூச்சு விட்டால் டிராகன் சீக்கிரம் கண்டுபிடித்துவிடும். விளையாட்டில் ஒவ்வொருவரின் உயிருக்கும் ஒரு புள்ளிக்கணக்கு உண்டு; பூதத்தின் முழு உயிர் அறுபது புள்ளி. அதை நாங்கள் மூவரும் உடனே கட்ட வேண்டும். வாங்கிய காற்றை டிராகன் இனி உயிர்ப்புள்ளி கணக்கில்தான் பங்கு பிரிக்கும். கொடுக்கிறவருக்கு அந்த அளவுக்குக் காற்று மெலியும். பத்துக்குக் கீழே போனால் ஆள் நினைவு தப்பிப் படுத்துவிடுவார்.

“வெட்டினது நான். முப்பது என்னோடது,” என்றாள் மெர்சி. அவளுக்கு இருந்தது ஐம்பத்திரண்டு.

இர்ஃபானுக்கு இருபத்திரண்டுதான். கைநடுக்கம் வந்தால் இஞ்சினைப் பார்க்க ஆள் கிடையாது. “ஆறு தரேன் அக்கா,” என்றான்.

என்னிடம் முப்பத்து நாலு. “இருபது,” என்றேன்.

வாய் தானாகச் சொல்லிவிட்டது. எந்த இடத்திலும் முதலில் குறைத்துச் சொல்லித்தான் பழக்கம். மெர்சி கோபப்படக்கூட இல்லை. கீழே கிடந்தவரை ஒரு முறை பார்த்தாள், அவ்வளவுதான்.

“இருபத்து நாலு,” என்றேன்.

கால் மணி நேரத்தில் கோதண்டம் சார் எழுந்து உட்கார்ந்தார். அறுபது புள்ளியோடு. எங்கள் மூவரையும்விடச் சுகமாக மூச்சுவிட்டார். நான் பத்தோடு சுவரில் சாய்ந்து, தலைக்குள் உலக்கை இடிப்பதைக் கேட்டுக்கொண்டே அவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். முந்திரி, பூதம், கொம்பு, சன்மானம்.

“எவ்வளவு சன்மானம்?”

“நாப்பது காசு சார்.”

“ம்,” என்றார். பிறகு என் விரல் நகங்களைப் பார்த்தார். “உங்க நகம் ஏன் நீலமா இருக்கு?”

இர்ஃபான் பங்குக் கணக்கை விளக்கினான். அவர் சட்டைப் பையிலிருந்து நோட்டை எடுத்துக் குறித்துக்கொண்டார்.

“இது தப்பான பங்கீடு. திருப்பிக் கொடுக்க வழி இருக்கா?”

“கூட ஆடுற ஆளுன்னா கொடுக்கலாம் சார். ஒரு நாளைக்கு மூணு புள்ளிதான் கொடுக்க முடியும். ஆனா நீங்க ஆடணும். பூதமா.”

“பூதம் என்ன செய்யணும்?”

“வரி வசூல் பண்ணணும்,” என்றாள் மெர்சி. சொல்லிவிட்டு அழுதாள்.

பதினோரு நாள் அவர் ஆடினார். தினம் மூன்று புள்ளி. விதிப்புத்தகத்தை முழுதாகப் படித்தது அந்தக் கப்பலில் அவர் ஒருவர்தான். எரிமலையிடம் கணக்குக் கேட்டு எரிபொருளில் ஒரு பங்கை மிச்சம் பிடித்தார். என் முறை வந்து எனக்குப் புள்ளிகள் ஏறுவதற்குள் ஐந்து நாள் ஆகிவிட்டது. மெர்சிதான் கப்பல் தலைவி, இர்ஃபான்தான் இஞ்சின். அவர்களுக்கு முதலில் கொடுங்கள் என்று சொன்னவன் நானே. நாலாம் நாளோ ஐந்தாம் நாளோ, பதினேழை எட்டால் பெருக்கப் பார்த்தேன். வரவில்லை. இன்றும் வரவில்லை. காகிதம் வேண்டும், சில நேரம் காகிதமும் உதவுவதில்லை. மூட்டை எண்ணினால் முப்பதுக்கு மேல் வழி தவறுகிறது. மருத்துவர்கள் இனிமேல் அது இப்படித்தான் என்றார்கள். ஊரில் என் கடைக் கணக்கை இப்போது என் மருமகள் பார்க்கிறாள்.

மீட்புக் கப்பல் வந்து ஒட்டிய அன்று, கோதண்டம் சார் தன் தணிக்கைக் கோப்பில் மெர்சியிடம் கையெழுத்து வாங்கினார். பக்கம் புரட்டியவள் நின்றுவிட்டாள். கோப்பை என் பக்கம் திருப்பினாள்.

தலைமை அலுவலகத்தின் உத்தரவு அது. ஒன்றரை வருடத்துக்கு முந்தைய தேதி. ‘கப்பலின் விளையாட்டுப் பதிவுகள் அனைத்தையும் உடனடியாக அழிக்கவும். வேலைநேர விரயம்.’ பக்கத்தில் அவருடைய சின்ன எழுத்தில், மாதம் ஒன்றாக, பதினெட்டு முறை ‘பார்வையில் உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டிருந்தார்.

அவர் உத்தரவுப்படி நடந்திருந்தால் அந்தப் பெட்டி காலியாக இருந்திருக்கும். புயலுக்குப் பிறகு இர்ஃபானுக்குக் கோக்க ஒன்றும் இருந்திருக்காது.

“ஏன் சார் அழிக்கலை?” என்றான் இர்ஃபான்.

“அழிக்கத்தான் வந்தேன். என்ன இருக்குன்னு படிக்காம எப்படி அழிக்கிறது? படிச்சேன்.”

“பூதத்தை வெட்டினதையுமா?” என்றேன்.

“மறுநாளே.”

“அப்பவாவது அழிச்சிருக்கலாமே.”

“நான் செத்ததுக்கு அப்புறம் கதை என்ன ஆகுதுன்னு பாக்கணும்ல?” மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார். “ஒரே ஒரு குறை. அந்தப் பூதத்தை நீங்க பொய் ரசீது காட்டி ஏமாத்துறீங்க. நானா இருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்.”

மெர்சி சிரிக்க ஆரம்பித்து நிறுத்த முடியாமல் உட்கார்ந்துவிட்டாள்.

நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து என்னிடம் நீட்டினார் கோதண்டம் சார். எல்லோருடைய உயிர்ப்புள்ளிக் கணக்கு, சரிபார்த்துக் கையெழுத்திடுங்கள் என்றார். எண்கள் என் கண் முன்னால் நீந்தின. அடுத்தவர் போட்ட கணக்கை நான் கூட்டிப் பார்க்காமல் ஒப்புக்கொண்டது என் ஆயுளில் அது ஒன்றுதான்.

மெர்சி: இருந்தது 52. கொடுத்தது 30. திரும்பப் பெற்றது 5. இருப்பு 27.
இர்ஃபான்: இருந்தது 22. கொடுத்தது 6. திரும்பப் பெற்றது 11. இருப்பு 27.
தங்கமாரியப்பன்: இருந்தது 34. கொடுத்தது 24. திரும்பப் பெற்றது 17. இருப்பு 27. கணக்கில் வராத இழப்பு உண்டு, ஈடு செய்ய வழி தெரியவில்லை, பாக்கி.
பூதம்: இருந்தது இல்லை. பெற்றது 60. கொடுத்தது 33. இருப்பு 27.
ஆக மொத்தம் 108.